இருபத்துமூன்றாவது வார்டின் மை

நயினார் தன் மனைவி உலகம்மாளைக் கடைசியாக உயிரோடு பார்த்தது மாநகராட்சி நடுநிலைப் பள்ளியின் வேப்பமரத்தடியில். அவள் ஓட்டுப் போட்டுவிட்டு, இடது கை ஆள்காட்டி விரலை மட்டும் சேலையில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பூத்துக்குள்ளிருந்து வெயிலுக்குள் இறங்கி வந்தாள். அவர் பார்த்தது அவள் முகத்தை அல்ல, அந்த விரலை. மை இன்னும் ஈரமாக இருந்தது.

"குழம்பு ஆறிப் போவும். நேரத்தோட வந்து சாப்பிடுங்க" என்றாள்.

"போட்டுட்டியா?"

"போடாமலா மை வைப்பாக?"

அவர் அந்தத் தேர்தலில் வேட்பாளர். வேட்பாளர் பூத்து வாசலில் நின்று ஒரு வாக்காளரிடம் யாருக்குப் போட்டாய் என்று கேட்கக் கூடாது. அந்த வார்டில் புருஷன்மார்களும் பெண்டாட்டிமார்களிடம் அதைக் கேட்பதில்லை. அவள் பள்ளிச் சுவரோரமாக நிழல் பார்த்து நடந்து, முக்குத் திரும்பி மறைந்தாள். மத்தியானம் கூட்டம் குறைந்து ஏஜெண்டுகள் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவர் கடையில் பாத்திரம் கழுவும் பேச்சித்தாய் தலைமுடி அவிழ ஓடி வந்து, "அண்ணாச்சி, மதினி அடுப்படியில சாய்ஞ்சு உக்காந்திருக்கா, கூப்பிட்டாப் பேசல" என்றாள்.

அந்த விரலை அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்றால், அதற்கு அந்த வார்டின் தேர்தல்களை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

வாய்க்காலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவில், ஒருபக்கம் பந்தல்காரத் தெருவும் மறுபக்கம் சுண்ணாம்புக் காளவாசலுமாக நீளவாக்கில் கிடந்த அந்த இடத்துக்கு இருபத்துமூன்றாவது வார்டு என்று நம்பர் போட்டு, வெகுகாலம் அதிகாரிகளே ஆண்டுகொண்டிருந்த மாநகராட்சிக்கு முதல்முதலாகத் தேர்தல் வைத்தபோது, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த காசிலிங்கம் ஜெயித்தார். எண்ணிக்கை நடந்த இடத்தில் அதிகாரி ஒலிபெருக்கியில் அவர் பேரை வாசித்த அதே நேரத்தில், டீக்கடை இசக்கி டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் தன் விரலிலிருந்து மை, கண்ணாடியில் ஊதிய ஆவி போவதுபோலப் போவதைப் பார்த்தான். தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர்களும், முகச்சவரத்துக்குக் கழுத்தைக் கொடுத்திருந்தவர்களும், தண்டவாளத்து ஓரம் குத்தவைத்திருந்தவர்களும் பார்த்தார்கள். தோற்றவர்களுக்குப் போட்டவர்கள் விரல் எல்லாம் பிறந்த விரலாக வெளுத்துவிட்டது. காசிலிங்கத்துக்குப் போட்டவர்கள் விரலில் மட்டும் மை அப்படியே நின்றது, நகம் வளர வளர அதுவும் கூடவே நின்றது, அடுத்த கவுன்சிலர் தேர்தல் முடிவு வருகிறவரைக்கும் போகவே இல்லை.

அதற்கு யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. வாய்க்கால் தண்ணீரின் குணம் என்றார்கள் சிலர். காளவாசல் சுண்ணாம்பு காற்றில் கலந்திருப்பதால் என்றார்கள் வேறு சிலர். இசக்கியின் கடையில் கூடிப் பேசி, இதை வெளியே சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தார்கள்.

"சொன்னா என்ன ஆவும்? தேர்தல ரத்து பண்ணிட்டுத் திரும்பவும் அதிகாரிய உக்கார வைப்பான். ஒரு தெருவிளக்கு எரியாது வேய்" என்றான் இசக்கி.

சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் ஓட்டுப் போடப் போனால் வெளியூர் அதிகாரிகள் கறுத்த விரலைப் பார்த்து, ஏற்கெனவே போட்டாயிற்றே என்று சண்டைக்கு வருவார்கள். "அது வார்டு மை சார், அது கெடக்கட்டும், நீங்க பக்கத்து விரல்ல வையிங்க" என்று இவர்கள் சொல்ல, அவர்களும் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த மை எல்லா ஊர் மையும்போல ஒரு மாதத்தில் மங்கிப்போகும்.

இப்படி யார் யாருக்குப் போட்டார்கள் என்பது விரலிலேயே எழுதியிருந்தபடியால், அந்த வார்டில் வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாக விரலைச் சுற்றி அமைந்துகொண்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் தாம்பூலம் வாங்கும் கையைப் பார்த்தார்கள். புருஷனுக்கு ஒரு நிறமும் பெண்டாட்டிக்கு ஒரு நிறமுமாக இருந்த வீட்டை "ரெண்டு விரல் வீடு" என்றார்கள். அந்த வீட்டில் சண்டை வந்தால் பக்கத்து வீட்டார் விலக்கிவிடப் போகாமல் காரணம் தெரிந்தவர்களாகத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். தண்ணீர் லாரி வந்தால் காசிலிங்கம் தானே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குடத்தைப் பார்க்காமல் குடத்தைப் பிடித்த விரலைப் பார்த்தார். கறுத்த விரல்கள் முதலில். வெளுத்த விரல்களுக்கு லாரியின் அடிக்கசடு. அதற்குப் பயந்து காளவாசல்காரர்களும் பந்தல்காரத் தெருக்காரர்களும், சலவைக்காரர்கள் துணிக்குக் குறி போடும் சேராங்கொட்டையை விளக்கில் சுட்டு, அந்தப் பாலை விரலில் தடவிக்கொண்டார்கள். மறுநாள் விரல் பொங்கி, கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது.

"இது பூத்து மை இல்லையே, துணி மைல்லா" என்று காசிலிங்கம் சிரித்தார். "வேட்டின்னு நெனச்சுட்டியோ உன்ன?"

அவர் இரண்டாம் முறையும் ஜெயித்தார். மூன்றாம் தேர்தல் வந்தபோது கொப்புளம் வந்த விரல்கள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆளைத் தேடின. அப்படித்தான் நயினாரிடம் வந்தார்கள்.

நயினார் பந்தல்காரத் தெருவில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். அண்டா, தவலை, நாற்காலி, ஜமுக்காளம், பின்னாளில் வாங்கிய, பிணம் வைக்கும் குளிர்பெட்டி என்று பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாம் அவரிடம் வாடகைக்குக் கிடைக்கும். எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் அவர் நாற்காலிதான். அவர் நாற்காலியில் ஒருமுறையாவது உட்காராத ஆள் அந்த வார்டில் கிடையாது என்பதைத் தவிர, அவர் தேர்தலில் நிற்பதற்கு வேறு தகுதி எதுவும் அவருக்கே தெரியவில்லை.

உலகம்மாள் மட்டும் வேண்டாம் என்றாள். அன்றைக்கு ஒரு கல்யாணத்துப் பாத்திரம் வந்து குவிந்திருந்தது. பேச்சித்தாயும் அவளும் புளியும் சாம்பலும் போட்டு அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அண்டாவுக்குள்ளிருந்தே பேசினாள்.

"நிக்காதீங்க."

"ஏன், தோத்துருவேன்னு நினைக்கியா?"

"ஜெயிச்சிருவீங்க. அதான் சொல்லுதேன். இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கது நீங்க ஒரு ஆளு. அதையும் வார்டுக்கு எழுதிக் குடுத்துட்டா நான் யாரு கூடப் பேச?"

அவர் சிரித்துக்கொண்டு போய் மனுத் தாக்கல் செய்துவிட்டார். சுயேச்சை என்பதால் சீப்புச் சின்னம் கிடைத்தது. அவருக்கோ தலையில் ஒரு முடி கிடையாது. "சொந்தத்துக்கு உதவாத சின்னம்லா, ஊருக்குத்தான் உதவும்" என்று இசக்கி சொன்னது தெருத் தெருவாகப் பரவியது. சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

மாலை கழுத்தை அறுக்க, கொட்டுமேளத்தோடு வீட்டுக்கு வந்தபோது உலகம்மாள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் இடது கை விரலை அவரும் பார்த்தார், அவருக்குப் பின்னால் நின்ற கூட்டமும் பார்த்தது. வெளுத்திருந்தது. மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். அவள் தட்டை மூன்று சுற்றுச் சுற்றி, திலகம் வைத்து, சிவந்த தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு, "எல்லாரும் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளே போனாள்.

மறுநாள் காசிலிங்கம் வழிமறித்தார். "வேய் கவுன்சிலரே, எனக்கு உங்க தெருவுல ஒரு ஓட்டு கூட விழாதுன்னு கணக்குப் போட்டிருந்தேன். விழுந்துட்டு. எங்கெருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், உமக்குந் தெரியும்" என்றார்.

நயினார் குழம்பிப் போனது அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அவள் அவருக்குச் சோறு போடும் விதம் மாறவில்லை, தலைவலி என்றால் சுக்கு உரைத்துப் பற்றுப் போடும் விதம் மாறவில்லை, பேரைச் சொல்லாமல் "இந்தாங்க" என்று கூப்பிடும் குரல் மாறவில்லை. விரல் மட்டும் வெளுத்திருந்தது. ஒருவேளை புளியும் சாம்பலும்தான் மையை அரித்துவிட்டனவோ என்று நினைத்துப் பார்த்தார்; அவள் கையில் மருதாணிகூட ஒரு வாரம் தங்காது. ஆனால் அதே அண்டாவை அதே புளியால் தேய்த்த பேச்சித்தாயின் விரல் நாவல் பழம்போலக் கறுத்துக் கிடந்தது. அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மதினி உங்களுக்குத்தான் போட்டா அண்ணாச்சி. எங்கிட்டச் சொன்னாளே."

"எப்பம் சொன்னா?"

"சொன்னா... சொல்லாட்டாத்தான் என்ன, உங்களுக்குப் போடாம யாருக்குப் போடப் போறா?" என்று பேச்சித்தாய் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒருநாள் சாப்பிடும்போது உலகம்மாளிடமே கேட்டார், சுற்றி வளைத்து. அவள் மோர் ஊற்றிக்கொண்டே, "நான் சொன்னா நம்புவியளா, விரல் சொன்னா நம்புவியளா? விரலத்தான் நம்புவீங்க. பெறவு எங்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?" என்றாள்.

குடிநீர்க் குழாய் போடும் வேலை வந்தது. பாதி வார்டுக்குத்தான் முதலில் அனுமதி. எந்தப் பாதி என்று கவுன்சிலர் சொல்ல வேண்டும். கறுத்த விரல்கள் அவர் வீட்டு முற்றத்தில் கூடின. கொப்புளம் பட்ட விரலைக் காட்டி அவருக்கு ஓட்டுக் கேட்டவர்கள் அல்லவா, இப்போது மை ஏறியதும் அவர்களும் மற்றவர் விரலைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். காளவாசலில் அவரை நம்பாமல் வேறொரு சுயேச்சைக்குப் போட்டவர்கள் நிறையப் பேர். அங்கே வெளுத்த விரல்தான் அதிகம். நயினார் இரண்டு நாள் யோசித்தார். பிறகு பந்தல்காரத் தெருப் பக்கம் போடச் சொல்லிவிட்டார்.

வீட்டு வாசலிலேயே குழாய் வந்தது. முதல் நாள் தண்ணீர் வந்தபோது உலகம்மாள் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு குழாயைத் தாண்டி நடந்தாள். காளவாசலில் இருந்த அடிபம்பில், வெளுத்த விரல் பெண்களோடு வரிசையில் நின்று, உப்புத் தண்ணீரை அடித்து இடுப்பில் சுமந்து வந்தாள்.

"வாசல்ல தண்ணி கொட்டுது, நீ எங்க போயிட்டு வார?"

"இது கறுத்த விரல் குழாய். எனக்கு இதுல பாத்தியம் இல்லைல்லா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் இன்று சீனி இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். அந்தப் பதவிக் காலம் முடிகிறவரைக்கும் அவள் வாசல் குழாயைத் தொடவில்லை. அது அவரைக் குத்திக்காட்டவா, இல்லை, உண்மையிலேயே வேறு ஆளுக்குப் போட்டுவிட்டு நேர்மையாக நடந்துகொள்கிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார், காசிலிங்கம் திரும்ப வந்தார். முடிவு வாசித்ததும் நயினார் விரல் வெளுத்தது. உலகம்மாள் விரலும் வெளுத்தது. தோற்றவருக்குப் போட்டால் வெளுக்கும். அப்படியானால் இந்தத் தடவை அவருக்குத்தான் போட்டிருக்கிறாள். ஆனால் தோற்றவர்கள் ஐந்து பேர்.

"இந்தத் தடவ யாருக்குப் போட்ட?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

"உங்க விரலுந்தான் வெளுத்துக் கெடக்கு. நீங்க யாருக்குப் போட்டீங்க?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் எனக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்து, அதை இவள் எதை வைத்து நம்புவாள் என்று தோன்ற, எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அதற்கடுத்த முறை வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். அப்படி ஒதுக்கினால் பெண்டாட்டியை நிறுத்திவிட்டுப் புருஷன் கவுன்சிலராக நடமாடுவது எல்லா வார்டிலும் வழக்கம். நயினார் வேட்பு மனுவோடு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எம் பேரப் போட்டு நீங்க உக்காரதுக்கு நான் என்ன நாற்காலியா? கடையில எத்தனையோ கெடக்கு, எடுத்துக்கிடுங்க. என்ன வாடகைக்கு விட மாட்டேன்" என்றாள். காசிலிங்கத்தின் மருமகள் நின்று ஜெயித்தாள், காசிலிங்கம் ஆண்டார்.

இப்படி வருடங்கள் போயின. மகள் செண்பகம் கல்யாணமாகிப் புனேக்குப் போனாள். வார்டு மறுபடி பொதுவானது. நயினாருக்கு வயது எழுபதைத் தொட்டிருந்தது, மூட்டு வலி, ஒரு காது கேட்காது. யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே போய் மனுப் போட்டார். சாலைக்கும் சாக்கடைக்கும் என்று தெருவில் சொன்னார். உண்மையில் அவர் நின்றது ஒரே ஒரு விரலுக்காக. ஒரு தடவை ஜெயிக்க வேண்டும், ஜெயித்தால் மை ஒரு பக்கம் நின்றுவிடும். கறுப்பென்றால் கறுப்பு, வெளுப்பென்றால் வெளுப்பு, தெரிந்துகொண்டு கண்ணை மூடலாம் என்று நினைத்தார். உலகம்மாள் இந்த முறை நிக்காதீங்க என்று சொல்லவில்லை. சட்டைக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்தாள்.

அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்துதான் அவள் அடுப்படியில் சாய்ந்தாள்.

வாக்கு எண்ணிக்கைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நயினார் கடையிலிருந்து குளிர்பெட்டியைக் கொண்டுவரச் செய்தார். மகள் புனேயிலிருந்து வர வேண்டும் என்றார். நீராட்டி, மஞ்சள் பூசி, கோடிச் சேலை உடுத்தி, கையிரண்டையும் நெஞ்சின்மேல் சேர்த்துப் பெருவிரல்களைக் கட்டி அவளைப் பெட்டிக்குள் வைத்தார்கள். இடது கை ஆள்காட்டி விரல் மேலாக, கண்ணாடிக்கு நேராக, கறுப்பாக இருந்தது. மறுநாள் காலையிலேயே செண்பகம் வந்துவிட்டாள். அதன் பிறகும் அவர் எடுக்கச் சொல்லவில்லை. வார்டுக்குக் காரணம் தெரியும். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் மாலையைப் போட்டுவிட்டு, முகத்தை ஒருமுறையும் விரலை ஒருமுறையும் பார்த்துவிட்டு, எண்ணிக்கை எப்போது ஆரம்பிக்கும் என்று வெளியே மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். கறுப்பு நிற்கும் என்றார்கள் பெண்கள்.

காசிலிங்கமும் கோலூன்றி வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது.

"வேய் நயினாரே, மகராசி போய்ட்டா. இனி அந்த ஓட்டு யாருதுன்னா என்ன?"

"உமக்குத் தெரியும்னு அன்னைக்குச் சொன்னீரே."

"அது உம்மச் சீண்டதுக்குல்லா சொன்னேன். எனக்கு என்ன தெரியும்?"

இவ்வளவு காலம் கழித்து அதைச் சொன்னவர் மெய் சொன்னாரா, செத்த வீட்டில் வைத்து இரக்கப்பட்டுப் பொய் சொன்னாரா என்று நயினாருக்கு அதுவும் புரியவில்லை.

எண்ணிக்கை நாள் காலையில் ஏஜெண்டுகள் வந்து, நீங்கள் வராமல் எப்படி என்றார்கள். நான் இங்கேதான் இருக்க வேண்டும், அறிவிக்கும்போது நான் இதைப் பார்க்க வேண்டும் என்று அவர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியில் பனி படரப் படரத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். விரல் இருந்த இடத்தை மட்டும் துடைத்தார். செண்பகம் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மை ஓட்டுப் போட்டுட்டு வந்துட்டா. நீங்கதான் அவள இன்னும் வரிசையில நிறுத்தி வச்சிருக்கீங்க."

துண்டு அவர் கையிலேயே நின்றது. கண்ணாடியில் திரும்பவும் பனி மூடியது, விரல் மறைந்தது. அவர் துடைக்கவில்லை. "நீர்மாலைக்குத் தண்ணி எடுக்கச் சொல்லு. தூக்கிருவோம்" என்றார்.

முதல் சுற்று எண்ணிக்கொண்டிருந்தபோது உலகம்மாளைத் தூக்கினார்கள். கொட்டோடு, சங்கோடு, வார்டின் எல்லாத் தெருக்கள் வழியாகவும் போய் வாய்க்கால் கரைச் சுடுகாட்டில் இறக்கினார்கள். வாய்க்கரிசி போடும்போது அவர் அவள் முகத்தைப் பார்த்துப் போட்டார். கொள்ளி வைத்து, நெருப்பு நன்றாகப் பிடித்து, ஆட்கள் வாய்க்காலில் தலை முழுகிக் கரையேறிக்கொண்டிருந்தபோது, எங்கோ ஓர் ஒலிபெருக்கி முன்னால் ஓர் அதிகாரி ஒரு பேரை வாசித்திருக்க வேண்டும். ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்த ஆண்கள் எல்லாரும் அப்படியே நின்று, அவரவர் இடது கையைப் பார்த்தார்கள். சிலர் விரலில் மை நின்றது. சிலர் விரலில் போயிற்று. இசக்கியின் விரல் வெளுத்தது. அவன் இத்தனை காலம் நயினார் கூடவே திரிந்தவன், சட்டென்று கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டான். ஒருவர் பின் ஒருவராக, கறுத்தவர்களும் வெளுத்தவர்களும், எல்லாரும் கையை மறைத்துக்கொண்டார்கள்.

நயினார் தன் விரலைப் பார்த்தார். கறுத்திருந்தது. ஜெயித்துவிட்டார். நெருப்பு அதற்குள் நடுக்கட்டைகளைத் தாண்டிவிட்டது.

மறுநாள் காலை சாம்பல் அள்ளப் போனார். சுடுகாட்டு ஆள் கொம்பையா, காளவாசல்காரன், புதிய கவுன்சிலர் வருவதைக் கண்டு இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கை ஒன்றாலேயே தண்ணீர் தெளித்துச் சூடு ஆற்றினான்.

"ஒரு கையால எதுக்கு வேய் கஷ்டப்படுதீரு?"

"இல்ல அண்ணாச்சி... காளவாசலுக்கு இன்னும் குழாய் வரல. இந்த நேரத்துல விரலக் காட்டினா நீங்க..."

"மறைக்காதேயும். எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு."

கொம்பையா இரண்டு கைகளாலும் மண்கலயத்தைப் பிடித்தான். "எந்தப் பக்கத்துல எடுக்கட்டும் அண்ணாச்சி?" என்று கேட்டான். நயினார் குனிந்து பார்த்தார். எந்தப் பக்கம் தலைமாடு, எந்தப் பக்கம் இடது கை என்று தெரியவில்லை. எங்கேயாவது எடும் என்றார்.

சாம்பல் அரைக் கலயம் இருந்தது. எல்லாம் ஒரே நிறம்.